பூட்டு யாருக்குச் சொந்தம்? - கோப்புப் பூட்டின் ஐம்பது ஆண்டுக் கதை

இயங்குதளம் பாடத்தில் 'லாக்' என்றதும் செமஃபோர், மியூட்டெக்ஸ், சாப்பாட்டு மேசையில் ஐந்து தத்துவஞானிகள் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தேர்வு எழுதப் போய்விடுவோம். கோப்புக்குப் போடும் பூட்டைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்தாலே அதிகம். ஆனால் அந்த அரைப் பக்கத்துக்குப் பின்னால் ஐம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. ஒரு தவறான முடிவு தரநிலைக்குள் நுழைந்ததும், அதற்குச் சரியான மாற்று அதே தரநிலையில் இடம்பிடிக்க 36 ஆண்டுகள் ஆனதும் அந்த வரலாற்றில்தான் வருகின்றன. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள் :-)

முதலில் பிரச்சினை என்ன?

ஒரு கோப்பில் 41 என்ற எண் இருக்கிறது. இதுவரை விற்ற டிக்கெட்டுகளின் எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் அந்தக் கோப்பைத் திறக்கின்றன. இரண்டும் 41 என்று படிக்கின்றன, இரண்டும் ஒன்றைக் கூட்டுகின்றன, இரண்டும் 42 என்று எழுதுகின்றன. விற்றது இரண்டு டிக்கெட், கணக்கில் ஏறியது ஒன்று. எந்த நிரலும் பிழைச்செய்தி தராது. மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

"நான் முடிக்கும்வரை நீ காத்திரு" என்று சொல்ல ஒரு வழி வேண்டும். அதுதான் பூட்டு. இதில் இரண்டு வகை உண்டு. கட்டாயப் பூட்டு என்றால் மற்ற நிரல்கள் கோப்பைத் தொடவே இயங்குதளம் விடாது. அறிவிப்புப் பூட்டு, அதாவது அட்வைசரி லாக், அப்படியல்ல. பேருந்து சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அது மாதிரி. துண்டை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார யாராலும் முடியும். ஆனால் எல்லோரும் துண்டை மதிக்கும்வரை அந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. பூட்டு இருக்கிறதா என்று கேட்கும் நிரலுக்கு மட்டும் இயங்குதளம் பதில் சொல்லும். கேட்காமல் எழுதுகிற நிரலைத் தடுக்காது.

கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது அல்லவா? அப்படியானால் துண்டு யாருடையது, எப்போது எடுக்கப்படும் என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் பார்ப்போம். மொத்தக் குழப்பமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1974: பூட்டே வேண்டாம்

கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1974ல் யூனிக்ஸ் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்த விஷயத்துக்கு நேரடியாகவே பதில் சொல்லியிருக்கிறார்கள். தங்கள் சூழலில் பயனர்களுக்கென்று கோப்புப் பூட்டு தேவையும் இல்லை, போதுமானதும் இல்லை என்பது அவர்கள் வாதம். ஏன் தேவையில்லை? பல நிரல்கள் தனித்தனியாகக் கை வைக்கும் பெரிய ஒற்றைக் கோப்புத் தரவுத்தளங்கள் அவர்களிடம் இல்லை. ஏன் போதாது? எடிட்டர் என்பது கோப்பின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு திருத்தும் கருவி. இரண்டு பேர் ஆளுக்கொரு நகலைத் திருத்திவிட்டுச் சேமித்தால், மூலக் கோப்பில் போட்ட பூட்டு எதையும் காப்பாற்றாது.

முதல் காரணம் சில ஆண்டுகளிலேயே காலாவதியானது. இரண்டாவது காரணம் இன்றைக்கும் உண்மை. கடைசியில் அதற்குத் திரும்பி வருகிறேன்.

பூட்டு இல்லாத காலத்துப் பூட்டு

இயங்குதளம் தராவிட்டால் நிரலர்கள் சும்மா இருப்பார்களா? பூட்டுக் கோப்பு என்ற உத்தியைக் கண்டுபிடித்தார்கள். ஒரு குறிப்பிட்ட பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்க முயற்சி செய். உருவாகிவிட்டால் பூட்டு உன்னுடையது. அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் வேறு யாரோ வேலை செய்கிறார்கள், கொஞ்ச நேரம் கழித்து வா. வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிடு.

இதில் மூன்று குறைகளை பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவினர் பின்னாளில் பட்டியலிட்டார்கள். ஒன்று, பூட்டு கிடைக்கிறதா என்று திரும்பத் திரும்ப முயன்று பார்ப்பதிலேயே கணினியின் நேரம் வீணாகும். இரண்டு, நடுவில் கணினி விழுந்துவிட்டால் பூட்டுக் கோப்பு அப்படியே கிடக்கும். துண்டு போட்டவர் பேருந்திலேயே இல்லை, துண்டு மட்டும் சீட்டில் இருக்கிறது! யாராவது கையால்தான் எடுக்க வேண்டும். மூன்று, நிர்வாகி அதிகாரத்தில் ஓடும் நிரல்களுக்கு அன்றைய யூனிக்ஸில் கோப்பு உருவாக்கத் தடையே கிடையாது. அதனால் அவற்றிடம் இந்த உத்தி பலிக்காது.

இரண்டாவது குறைக்கு மருந்தாக, பூட்டுக் கோப்புக்குள்ளேயே தன் செயல்முறை எண்ணை எழுதிவைக்கும் பழக்கம் வந்தது. அந்த எண்ணில் யாரும் ஓடவில்லை என்றால் பூட்டு செத்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் செயல்முறை எண்கள் சுழற்சியில் மறுபடி மறுபடி பயன்படுத்தப்படுபவை. செத்தவரின் எண் வேறொருவருக்குப் போயிருந்தால்? மறுபடி குழப்பம்தான்.

1983: பெர்க்லியின் பதில்

1983ல் வெளிவந்த 4.2 பி.எஸ்.டி யூனிக்ஸில் எஃப்லாக் என்ற அழைப்பு வந்தது. அதன் வடிவமைப்புக் காரணங்களை மெக்கூசிக், ஜாய், லெஃப்லர், ஃபாப்ரி ஆகிய நால்வரும் வேகமான கோப்பு முறைமை பற்றி 1984ல் எழுதிய கட்டுரையில் விளக்கியிருக்கிறார்கள்.

கட்டாயப் பூட்டா, அறிவிப்புப் பூட்டா என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. கட்டாயப் பூட்டு என்றால், அதை யார் எப்போது மீறலாம் என்ற கொள்கையையும் கெர்னலுக்குள்ளேயே எழுத வேண்டும். யூனிக்ஸில் நிர்வாகி எந்தத் தடையையும் மீறலாம். பூட்டு தேவைப்படும் நிரல்களில் பலவும் நிர்வாகியாகத்தான் ஓடுகின்றன. அப்படியானால் கட்டாயம் என்பதற்கு என்ன பொருள்? அதனால் கெர்னல் பூட்டுகளை நம்பகமாகக் கணக்கு வைத்துக்கொள்ளட்டும், அவற்றை எப்படி மதிப்பது என்பதை நிரல்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்று அறிவிப்புப் பூட்டையே தேர்ந்தெடுத்தார்கள்.

எஃப்லாக் பூட்டில் இரண்டு நிலை உண்டு. படிப்பவர்கள் பலர் ஒன்றாக வைத்திருக்கும் பகிர்வுப் பூட்டு, எழுதுபவர் ஒருவர் மட்டும் வைத்திருக்கும் தனிப்பூட்டு. நிரல் செத்தால் கெர்னலே பூட்டை விடுவித்துவிடும். முக்கியமான விஷயம் அடுத்ததுதான். ஒரு நிரல் ஒரு கோப்பைத் திறக்கும்போது கெர்னல் அந்தத் திறப்புக்கென்று ஒரு பதிவை உருவாக்குகிறது. எஃப்லாக் பூட்டு அந்தத் திறப்புக்குச் சொந்தம். அதே கோப்பை வேறொரு முறை திறந்தால் அது வேறொரு திறப்பு, அதற்கும் முதல் பூட்டுக்கும் சம்பந்தமில்லை.

குறை என்னவென்றால், கோப்பு முழுவதையும்தான் பூட்ட முடியும். பத்தாயிரம் கணக்குகள் உள்ள கோப்பில் ஒரு கணக்கை மட்டும் திருத்த வேண்டுமானாலும் மொத்தக் கோப்பையும் அடைக்க வேண்டும்.

1988: தரநிலைக்குள் நுழைந்த தவறு

வணிகத் தரவுத்தளம் எழுதுபவர்களுக்கு அந்தக் குறை பெரிது. அவர்களுக்குக் கோப்பின் ஒரு பகுதியை, இந்த பைட்டிலிருந்து அந்த பைட் வரை, பூட்ட வேண்டும். யூனிக்ஸ் பயனர்களும் நிறுவனங்களும் சேர்ந்த அமைப்பொன்று 1984ல் வெளியிட்ட தரநிலையில் லாக்எஃப் என்ற அழைப்பு இடம்பெற்றது. (ஆமாம், ஒரு பக்கம் எஃப்லாக், இன்னொரு பக்கம் லாக்எஃப். பெயர் வைத்தவர்களைக் கேளுங்கள்!) ஏடி அண்ட் டியின் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில் எஃப்கன்ட்ரோல் என்ற அழைப்பின் வழியாக இதே பகுதிப் பூட்டு கிடைத்தது. 1988ல் போசிக்ஸ் தரநிலை வந்தபோது அது எடுத்துக்கொண்டது இந்த எஃப்கன்ட்ரோல் பூட்டைத்தான்.

பகுதிப் பூட்டு நல்ல விஷயம். ஆனால் இதில் பூட்டு திறப்புக்குச் சொந்தமில்லை, செயல்முறைக்குச் சொந்தம். கூடவே இன்னொரு விதி: ஒரு கோப்பை ஒரு செயல்முறை எத்தனை முறை திறந்திருந்தாலும், அவற்றில் ஏதாவது ஒன்றை மூடினால் போதும், அந்தக் கோப்பில் அந்தச் செயல்முறை வைத்திருந்த எல்லாப் பூட்டுகளும் போய்விடும்.

மறுபடி பேருந்துக்கு வாருங்கள். ஒரு குடும்பம் நான்கு சீட்டில் துண்டு போட்டிருக்கிறது. குடும்பத்தில் ஒருவர், துண்டே போடாதவர், டீ குடிக்கக் கீழே இறங்குகிறார். உடனே நடத்துநர் வந்து நான்கு துண்டையும் எடுத்துவிடுகிறார். குடும்பத்திடம் சொல்லவும் இல்லை. இதுதான் அந்த விதி.

நடைமுறையில் இது எப்படி வெடிக்கும் என்பதற்கு பி.எஸ்.டி கையேடே ஓர் உதாரணம் தருகிறது. கடவுச்சொல் கோப்பைத் திருத்தும் நிரல் ஒன்று அந்தக் கோப்பைப் பூட்டிக்கொள்கிறது. நடுவில் ஒரு பயனரின் விவரம் வேண்டும் என்று நூலகச் செயல்கூறு ஒன்றை அழைக்கிறது. அந்தச் செயல்கூறு அதே கோப்பைத் தானாகத் திறந்து, படித்து, மூடிவிடுகிறது. பூட்டு காலி! நிரல் எழுதியவர் எந்த வரியிலும் தவறு செய்யவில்லை. ஆனால் தான் அழைக்கும் ஒவ்வொரு நூலகமும் உள்ளே எந்தெந்தக் கோப்பைத் திறக்கிறது என்று அவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இந்த நடத்தையை முழு முட்டாள்தனம் என்ற பொருள்படவே அந்தக் கையேடு குறிப்பிடுகிறது. கையேடுகளில் இவ்வளவு கோபத்தைப் பார்ப்பது அபூர்வம்.

சாம்பா திட்டத்தின் ஜெரமி அலிசன் தரநிலைகள் பற்றி 2005ல் எழுதிய கட்டுரையில் இது எப்படி நுழைந்தது என்று தேடிப்பார்த்ததைச் சொல்கிறார். யாரோ எழுதி வைத்திருந்த தொடக்ககால நிரல் ஒன்று தரநிலையாக்கக் கொண்டுவரப்பட்டது, அந்த நேரத்தில் யாரும் ஊன்றிக் கவனிக்கவில்லை என்பதுதான் அவர் தரும் விளக்கம். சதி எதுவும் இல்லை, வெறும் கவனக்குறைவு.

விலை கொடுத்தவர்கள்

எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தை 2000ல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்டார். இன்று நம் கைப்பேசியிலும் உலாவியிலும் உட்கார்ந்திருப்பது அதுதான். ஒரே நிரல் ஒரே தரவுத்தளத்தை இரண்டு முறை திறந்து, ஒன்றை மூடினால் மற்றதன் பூட்டு போய்விடும் அல்லவா? அதனால் எந்தக் கோப்பு எத்தனை முறை திறக்கப்பட்டிருக்கிறது என்று எஸ்கியூலைட் தானே ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறது. பூட்டு நிலுவையில் இருந்தால் கோப்பை உண்மையில் மூடாமல் தள்ளிப்போடுகிறது. போசிக்ஸ் பூட்டுகள் வடிவமைப்பிலேயே பழுதானவை என்று அதன் மூலநிரலில் குறிப்பே எழுதியிருக்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும், அதே நிரலின் வேறொரு பகுதி அந்தத் தரவுத்தளக் கோப்பைச் சாதாரணக் கோப்பாகத் திறந்து மூடினால் பூட்டு விழுந்து தரவுத்தளம் கெட்டுப்போகலாம் என்று அவர்களின் ஆவணம் எச்சரிக்கிறது.

விண்டோஸ் கணினிகளுக்கு யூனிக்ஸ் கோப்புகளைப் பரிமாறும் சாம்பாவும் இதே மாதிரி மூடுதலைத் தள்ளிப்போடும் வேலையைச் செய்ய வேண்டியிருந்தது.

இழைகளின் கதை இன்னும் மோசம். போசிக்ஸ் இழைகள் 1995ல் தரநிலையாயின. ஒரு செயல்முறைக்குள் பத்து இழைகள் ஓடினாலும் பூட்டின் கண்ணுக்கு அவை எல்லாம் ஒரே ஆள். ஓர் இழை பூட்டிய பகுதியை இன்னோர் இழை தாராளமாகப் பூட்டலாம், "ஏற்கெனவே உன்னுடையதுதானே" என்று கெர்னல் கொடுத்துவிடும். யாரைத் தடுக்கப் பூட்டு போட்டோமோ அவரிடமே சாவி.

போதாக்குறைக்கு, லினக்ஸின் உள்ளூர்க் கோப்புகளில் எஃப்லாக்கும் எஃப்கன்ட்ரோலும் ஒன்றையொன்று பார்க்காது. ஒரு நிரல் ஒன்றையும் இன்னொரு நிரல் மற்றதையும் பயன்படுத்தினால் இருவருக்கும் பூட்டு கிடைத்துவிடும். பி.எஸ்.டி வழிவந்த சில இயங்குதளங்களில் இரண்டும் ஒன்றையொன்று மதிக்கும். அஞ்சல்பெட்டிக் கோப்பில் கடிதத்தைப் போடும் நிரலும் படிக்கும் நிரலும் வேறு வேறு ஆட்கள் எழுதியவை. அதனால்தான் டெபியன் கொள்கை ஆவணம், முதலில் எஃப்கன்ட்ரோல், பிறகு பூட்டுக் கோப்பு என்று வரிசையோடு விதித்து வைத்திருக்கிறது.

அப்படியானால் கட்டாயப் பூட்டு நல்லதா?

இதுவரை படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி வரும். விண்டோஸில் பகுதிப் பூட்டு கட்டாயமானதுதான். வேறு நிரல் பயன்படுத்துகிறது, அழிக்க முடியாது என்று கோப்பு அடம்பிடிக்கும் அனுபவமும், நிரல்கள் கோப்பைத் திறக்கும்போதே மற்றவர்களுக்கு வைக்கும் தடைகளால் வருவதுதான். பாதுகாப்பு உண்டு, கூடவே எரிச்சலும் உண்டு.

யூனிக்ஸிலும் முயன்றார்கள். சிஸ்டம் ஃபைவில் கோப்பின் அனுமதிகளில் ஒரு விசித்திரமான சேர்க்கையை வைத்தால் அதன் பூட்டுகள் கட்டாயமாகிவிடும். லினக்ஸும் அதை ஏற்றது. ஆனால் ஒருவர் பூட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்தால், அந்தக் கோப்பைத் தொடும் மற்ற நிரல்கள் எல்லாம் தொங்கிக்கொண்டு நிற்கும். லினக்ஸில் அதன் செயலாக்கத்திலேயே நேரப் போட்டிக் குறைகள் இருந்ததால் நம்பவும் முடியவில்லை. பயன்படுத்துவோரும் அருகிப்போனார்கள். 2021ல் வந்த லினக்ஸ் 5.15ல் கட்டாயப் பூட்டு முழுவதுமாக நீக்கப்பட்டது. பெர்க்லிக்காரர்கள் 1984ல் எழுதிய காரணங்கள் பொய்க்கவில்லை.

2014, 2024: இரண்டும் சேர்ந்தன

கதையைத் திரும்பிப் பாருங்கள். பெர்க்லியிடம் சரியான உரிமையாளர் இருந்தார், சரியான அளவு இல்லை. சிஸ்டம் ஃபைவிடம் சரியான அளவு இருந்தது, உரிமையாளர் தவறு. இரண்டிலும் நல்லதை எடுத்து ஒட்டினால் போதும். 2014ல் வெளிவந்த லினக்ஸ் 3.15ல் ஜெஃப் லேட்டன் அதைத்தான் செய்தார். பகுதிப் பூட்டு, ஆனால் திறப்புக்குச் சொந்தம். ஒவ்வோர் இழையும் தனக்கென்று கோப்பைத் திறந்துகொண்டால் இழைகளுக்கு நடுவிலும் பூட்டு வேலை செய்யும். நூலகம் வேறொரு திறப்பை மூடினாலும் நம் பூட்டு போகாது. 2021ல் கட்டாயப் பூட்டை லினக்ஸிலிருந்து நீக்கியவரும் இவரேதான்.

2024ல் வெளியான போசிக்ஸ் தரநிலை இந்தப் புதிய பூட்டை ஏற்றுக்கொண்டது. 1988லிருந்து கணக்குப் போட்டால் 36 ஆண்டுகள். பழைய விதியை நீக்கினார்களா? இல்லை. அதை நம்பி எழுதிய நிரல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்? அதனால் பழையதும் இருக்கிறது, புதியதும் இருக்கிறது.

எப்படி இருக்க வேண்டும்?

இந்த வரலாற்றைப் படித்தபின் எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

1. பூட்டு திறப்புக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். கேட்டு வாங்கியவர் விட்டால் ஒழிய, அல்லது செத்தால் ஒழிய, அது போகக்கூடாது.

2. செத்தவரின் பூட்டைக் கெர்னல்தான் எடுக்க வேண்டும், மனிதர்கள் அல்ல.

3. கெர்னல் போலீஸ்காரராக வேண்டாம், நேர்மையான கணக்கப்பிள்ளையாக இருந்தால் போதும். ஆனால் எழுதிய கணக்கை யாரிடமும் சொல்லாமல் அழிக்கும் கணக்கப்பிள்ளை, கணக்கே இல்லாததைவிட ஆபத்து.

4. ஓர் இயங்குதளத்தில் எத்தனை வகைப் பூட்டு இருந்தாலும் அவை ஒன்றையொன்று பார்க்க வேண்டும்.

இந்த நான்கும் அமைந்தாலும் தாம்சன், ரிட்சியின் இரண்டாவது காரணம் அப்படியே நிற்கிறது. இன்றைய எடிட்டர்களில் பல, புதிய கோப்பு ஒன்றை எழுதி அதைப் பழைய பெயருக்கு மாற்றிவிடுகின்றன. பூட்டு ஒட்டியிருப்பது பெயரில் அல்ல, பழைய கோப்பில். பெயர் இப்போது வேறு கோப்பைக் காட்டுகிறது. நீங்கள் கெட்டியாகப் பிடித்திருப்பது யாரும் பார்க்காத ஒரு கோப்பின் பூட்டை! அதனால்தான் தரவுக் கோப்பைப் பூட்டாமல், பெயர் மாறாத தனிக் கோப்பு ஒன்றை வைத்து அதைப் பூட்டுவது நல்ல பழக்கம்.

உபுண்டுவில் மென்பொருள் நிறுவும்போது பூட்டு கிடைக்கவில்லை என்று செய்தி வந்தால், "அந்த லாக் கோப்பை அழித்துவிடு, சரியாகிவிடும்" என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கோப்பு எப்போதும் அங்கேதான் இருக்கும், அது இருப்பதே பூட்டு அல்ல. அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் வைத்திருக்கும் கெர்னல் பூட்டுதான் பூட்டு. கோப்பை அழித்தால் அடுத்த நிரல் அதே பெயரில் புதுக் கோப்பை உருவாக்கி அதைப் பூட்டிக்கொள்ளும். இரண்டு நிரல்களும் ஒரே நேரத்தில் உங்கள் மென்பொருள் பட்டியலைத் திருத்தும். முதலில் சொன்ன 41, 42 கணக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? பூட்டை வைத்திருப்பது எந்தச் செயல்முறை என்று பாருங்கள், அது முடியும்வரை காத்திருங்கள். அது விழுந்துவிட்டால் கெர்னலே பூட்டை எடுத்துவிடும்.